கதையா, கவிதையா, நாடகமா: எதிலிருந்து எழுதத் தொடங்குவது?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் இப்படிக் கேட்டிருக்கிறார்: "கதை, கவிதை, நாடகம், சிறுவர் கதை எல்லாமே எழுத ஆசை. தொடங்கி வைத்தது நிறைய, எதையும் முடித்ததில்லை. எதில் தொடங்குவது? எழுதக் கற்றுத் தருகிற வகுப்பு இருக்கிறது என்கிறார்கள், பணம் கட்டிச் சேரலாமா? நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதினால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியுமா?"

அம்மிணி, நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவன். எழுத ஆசைப்பட்ட பிள்ளைகள் பலரோடு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உட்கார்ந்து, அவர்கள் எழுதியதை வரி வரியாகப் படித்திருக்கிறேன். அதில் பலன் கொடுத்ததாக நான் கண்ட வழி ஒன்றுதான். எந்த வடிவம் என்ற யோசனையைத் தள்ளி வையுங்கள். உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அதையே கதையாக, கவிதையாக, நாடகமாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வடிவமும் அந்தச் சம்பவத்திலிருந்து வேறு வேறு பொருளைக் கீழே போடச் சொல்லும். எதைப் போடச் சொல்கிறது என்று கை பழகிவிட்டால் அந்த வடிவம் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

சும்மா சொன்னால் விளங்காது. என் சம்பவத்தையே வைத்துக் காட்டுகிறேன்.

எங்கள் ஊர் அத்தாணிப் பக்கம். எனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும்போது, ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, ஒரு மயிலைக் காளையை ஓட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். வந்தவர்கள் பல் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள், வாலைத் தூக்கிப் பார்த்தார்கள். அப்புறம் தரகர் தன் தோள் துண்டை அப்பாருவின் கை மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசினார். வெளியே நிற்கிற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துண்டு மட்டும் அசைந்தது. கடைசியில் அப்பாரு காளையின் தலைக்கயிற்றை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். வாங்கினவர் தன்னுடைய கயிற்றைக் கட்டி ஓட்டிக்கொண்டு போனார். வீட்டுக்கு நடந்தே வந்தோம். அப்பாருவின் மனைவி, எங்கள் ஆத்தா, கயிற்றை வாங்கிக் கட்டுத்தரை ஆணியில் மாட்டினார். நடந்தது அவ்வளவுதான்.

இதை முதன்முதலில் நான் கதையாக எழுதியபோது எப்படித் தொடங்கினேன் தெரியுமா? "பெற்ற பிள்ளையைப் போல் வளர்த்த காளையை விற்க வேண்டிய துயரமான சூழ்நிலைக்கு அப்பாரு தள்ளப்பட்டார். அவர் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது." இந்த இரண்டு வரியில் காளையும் இல்லை, அப்பாருவும் இல்லை. எழுதுகிறவனுடைய துக்கம் மட்டும் இருக்கிறது. அதோடு, நெஞ்சு வெடிக்கும் போலிருந்தது என்று பத்து வயதுப் பையனுக்கு யார் சொன்னது? பல வருடம் கழித்துத் திருத்தினேன்: "தரகர் துண்டை எடுத்து அப்பாருவின் கை மேல் போட்டார். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. அப்பாரு காளையைப் பார்க்கவில்லை. எதிரே பலூன் விற்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்தார்."

சிறுகதையில் நான் கீழே போட்டுவிட்டது, காளையை ஏன் விற்றார் என்ற நீண்ட விவரம். கடன் எவ்வளவு, யாரிடம், எந்த வருடம் மழை பொய்த்தது என்று முதல் வடிவில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. இப்போது அது ஒரு வரி. சிறுகதைக்கு ஒரு கண் போதும். பையனுடைய கண் என்று முடிவு செய்துவிட்டால், துண்டுக்குள் என்ன நடந்தது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அந்தத் தடைதான் கதைக்கு உயிர் கொடுத்தது. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எல்லோர் மனதுக்குள்ளும் புகுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். வாசகருக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. உங்கள் கதைகள் பாதியில் நிற்பதற்கும் இது காரணமாக இருக்கலாம். யாருடைய கண் என்று முடிவாகாத கதை நாலாவது பக்கத்தில் திசை தெரியாமல் நின்றுவிடும்.

அதே சம்பவத்தைக் கவிதையாக எழுத உட்கார்ந்தேன். சந்தை போயிற்று, தரகர் போனார், நானும் போனேன். மிஞ்சியது இவ்வளவு:

தோளில் கயிறு.
பின்னால் மாடில்லை.
தண்ணித் தொட்டி வந்ததும்
அப்பாரு நின்றார்,
அது குடித்து முடிக்கிற நேரம்.

இதற்கு முன்னும் பின்னும் நிறைய வரிகள் எழுதி அடித்தேன். "கண்ணீர்" என்று ஒரு சொல் ரொம்ப நாள் இருந்தது. அதை எடுத்த அன்றைக்குத்தான் கவிதை எழுந்து நின்றது.

கவிதை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவையிலிருந்து 1971இல் வானம்பாடி இதழ் வந்தபோது புதுக்கவிதை இந்தப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. யாப்பு வேண்டாம் என்று எழுதியவர்கள்தான். ஆனால் சிற்பி பாலசுப்பிரமணியம் உட்பட அவர்களில் பலர் மரபுத் தமிழை முறையாகப் படித்தவர்கள். எதை விடுகிறோம் என்று தெரிந்து விட்டார்கள். அதனால் உங்களிடம் ஒரு வேலை கொடுக்கிறேன்: இருபது வெண்பா எழுதுங்கள். நாலு அடி, கடைசி அடியில் மூன்றே சீர், அது நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடிய வேண்டும். யாருக்கும் காட்ட வேண்டாம். தளை தட்டும்போது, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இசையாதபோது, ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லைத் தேடுவீர்கள் பாருங்கள், அந்தத் தேடல் கைக்குள் தங்கிவிடும். பிறகு யாப்பில்லாமல் எழுதினாலும் முதலில் வந்த சொல்லோடு திருப்தி வராது.

காதுக்கும் பயிற்சி வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே, வள்ளி கதையைப் பாடிக்கொண்டே ஆடுகிற வள்ளி கும்மி பழக்குகிறார்கள். கும்மி வாத்தியார் எம்.பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தபிறகு இன்னும் நிறைய ஊர்களில் பிள்ளைகள் சேர்கிறார்கள். நாலு நாள் போய்க் கூட ஆடுங்கள். பாட்டின் வரி எந்த இடத்தில் மடங்குகிறது, அடி எங்கே விழுகிறது என்பது கால் வழியாக ஏறும். தாளில் படித்து வருகிற ஓசை அவ்வளவு ஆழமாக இறங்குவதில்லை.

சரி, நாடகம். இதில் கதைசொல்லி கிடையாது. பையனும் இல்லை, வர்ணனையும் இல்லை. அப்பாரு திரும்பி வருகிற திண்ணையும் இரண்டு ஆட்களும் மட்டும்தான். நான் எழுதிய இடம் இது, ஆத்தாதான் முதலில் பேசுகிறார்:

"வழியில ஏதாச்சும் சாப்புட்டீங்களா?"
"பசியில்ல."
"பையன் சாப்புட்டானுங்களா?"
"பொரி வாங்கிக் குடுத்தேன்."
"கயித்தக் குடுங்க."
(வாங்கிக் கையில் வைத்தபடியே நிற்கிறாள்.)
"வித்துப்போட்டயே."

ஆத்தா விலையைக் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? துண்டுக்குள் விரல் பேசுகிற மாதிரிதான் நல்ல வசனமும். பேச்சு மேலே சோற்றைப் பற்றி ஓடும், உள்ளே வேறு கணக்கு நடக்கும். கோபமாக இருக்கிறவர் "எனக்குக் கோபம்" என்று சொல்லிவிட்டால் அந்தக் காட்சி அங்கேயே முடிந்துபோகிறது.

இன்னொன்று. ஆத்தாவின் கடைசி வரியில் 'ங்க' இல்லை. நம் பக்கத்தில் பெண்டாட்டி புருசனிடம், மருமகள் மாமனாரிடம், கடைக்காரர் வாங்க வந்த சின்னப் பையனிடம்கூட ஆமாங்க, இல்லீங்க, சரீங்க என்றுதான் பேசுவது. ஆயுசு முழுக்க மரியாதையாகப் பேசின ஒருத்தியின் வாயிலிருந்து ஒரே ஒரு முறை அந்த 'ங்க' உதிர்ந்தால் கொங்கு நாட்டு வாசகருக்குப் பக்கென்று இருக்கும். மற்ற ஊர்க்காரருக்கும், முந்தின வரிகளில் அதைப் பழக்கிவிட்டால், ஏதோ உடைந்தது தெரியும்.

இங்கேயே உங்கள் மூன்றாவது கேள்விக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் வட்டார வழக்கு என்றாலே பலரும் 'ங்க'வை எல்லா வரியிலும் தூவுவதுதான் என்று நினைக்கிறார்கள். அப்படித் தூவினால் நாலு பேர் பேசும்போது நாலு பேரும் ஒரே ஆள் மாதிரி கேட்கும். நிஜத்தில் அரிசி மில்லில் கணக்கெழுதுகிறவர் பேசுவதும், பட்டியில் ஆடு அடைக்கிறவர் பேசுவதும், பண்ணையத்தில் நின்ற குடும்பத்திலிருந்து வந்தவர் பேசுவதும் ஒன்றா? யாருக்கு யார் 'ங்க' போடுகிறார்கள், யாருக்குப் போடுவதில்லை என்பதிலேயே இந்த நாட்டின் சாதியும் நிலமும் தெரிந்துவிடும். வட்டார வழக்கில் எழுதுவது என்றால் அதைக் கூசாமல் கவனிப்பது.

புரியுமா என்று பயப்பட வேண்டாம். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. கணவனை இழந்த ஒரு பெண் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிற கதை, கொங்குப் பேச்சோடு வந்த நாவல். எண்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, எல்லா ஊர்க்காரரும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். "சீமாறை எடுத்துக்கொண்டு பொடக்காலிக்குப் போனாள்" என்று எழுதுங்கள். மதுரைக்காரருக்குச் சொல் புதிதாக இருந்தாலும், அடுத்த வரியில் அவள் குப்பையைக் கூட்டித் தள்ளினால் விளங்கிக்கொள்வார். பக்கத்தில் அர்த்தம் போடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம், கதை நடுவே அது பாடப்புத்தகம் ஆகிவிடும். சொல்லில் உங்களுக்கே சந்தேகம் வந்தால் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது, 2000இல் வந்தது. நான் அதைக் கதைப் புத்தகம் மாதிரியே படித்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு வேலை, ஒரு பண்டம், ஒரு ஆள் தெரிவார்கள்.

நாவல் இப்போதைக்கு வேண்டாம். ஐந்தாறு கதை முடித்த பிறகு பாருங்கள். ஆனால் நீளமாகச் சொல்வது எப்படி என்று காதைப் பழக்கிக்கொள்ள ஒரு வழி உண்டு: உடுக்கடிப் பாட்டு. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பற்றிய அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பல இரவு தொடர்ந்து பாடுவார்கள். பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1965இல் காங்கயம் பக்கம் ஒலப்பாளையத்தில் தங்கி அதை முழுக்க ஒலிப்பதிவு செய்தார், பிறகு புத்தகமாகவும் வந்தது. பாட்டுக்காரர் எங்கே பாடுகிறார், எங்கே பாட்டை நிறுத்திவிட்டு வசனமாகப் பேசுகிறார் என்று கேளுங்கள். வேகமாக நடக்கிற இடத்தைப் பேச்சில் கடந்துவிடுவார். ஜனங்கள் நிற்க வேண்டிய இடத்தில் உடுக்கை எடுப்பார். நாவலாசிரியருக்கும் அதே கணக்குத்தான்: எதை ஒரு வரியில் தாண்டுவது, எதில் ஐந்து பக்கம் நிற்பது.

சிறுவர் கதைக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். எழுதியதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் எழுந்து ஓடுகிறார்களோ அந்த இடத்தில் நீங்கள் புத்திமதி சொல்லத் தொடங்கியிருப்பீர்கள்.

இடத்தை வர்ணிப்பது எல்லா வடிவத்துக்கும் பொது. அதற்குத் தொல்காப்பியத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அங்கே இருக்கிற மரம், விலங்கு, உணவு, தொழில், பறை எல்லாம். உரிப்பொருள் அந்த மனிதருக்குள் நடப்பது. பிள்ளைகள் இதை மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள், எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம். எழுதுகிறவருக்கு இது கையில் பிடிக்கிற கருவி. காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டை, மாடு மேய்கிற நிலத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், அதன் நிழலில் மாடு. சித்திரை உச்சி வெயில். இதில் காத்திருக்கிற ஒருத்தியை நிறுத்தினால், அவள் காத்திருப்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம். மர நிழல் வேலி வரைக்கும் நகர்ந்தது என்று சொன்னால் போதும். பொழுது என்ன என்று தெரியாமல் எழுதின காட்சி எதுவும் என் கையில் நின்றதில்லை.

திருத்துவதற்கு நன்னூல். எண்ணூறு வருடப் பழசு, ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களை வரிசையாகச் சொல்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்று போகும். அதில் 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஒன்று. தொடங்கும்போது வேகமாகப் போய், போகப் போகத் தேய்ந்து, முடிகிற இடத்தில் ஒன்றுமில்லாமல் போவது. என் ஆரம்பக் கதை ஒன்றை ஒரு பத்திரிகை ஆசிரியர் கடைசிப் பக்கம் முழுவதையும் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். ஒரு சொல்கூட எழுதவில்லை. நான் வகுப்பில் வருடா வருடம் நடத்தின குற்றம்தான் அது, என் கதையில் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன், பத்திரிகையில் வந்தது. எழுதி முடித்ததும் பத்து நாள் தொடாமல் வையுங்கள். பிறகு இந்தப் பத்துக் குற்றத்தையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு குற்றத்துக்கு ஒரு முறை என்று படியுங்கள். பத்து முறை படிப்பது அதிகம் என்று தோன்றலாம். சிறுகதை பத்துப் பக்கம்தானே, படிக்கலாம்.

வகுப்பு பற்றிக் கேட்டீர்கள். பணம் கட்டுமுன் ஒன்றை விசாரியுங்கள்: நடத்துகிறவர் நீங்கள் எழுதியதை உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பாரா? படிப்பார் என்றால் சேருங்கள், கொடுக்கிற காசு வீண் போகாது. மேடையில் பேசிவிட்டுச் சான்றிதழ் கொடுப்பவர் என்றால் அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கலாம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஒரு நாள் லீவு போட்டு வாருங்கள். சாயங்காலப் பேச்சையும் கேட்டுவிட்டுப் போகலாம். பழைய நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் செலவில்லாமல் கிடைக்கின்றன, போனிலேயே படிக்கலாம். அதோடு, எழுதுகிற இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு முறை உட்காருங்கள். ஒரு நிபந்தனை வையுங்கள்: "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லக்கூடாது, எந்த வரியில் நின்றேன், எந்த வரியில் தாண்டிப் போனேன் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

பிடித்த ஒரு சிறுகதையை ஒரு முறை முழுதாகக் கையால் எழுதிப் பாருங்கள். படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகிற இடமெல்லாம் எழுதும்போது பிடிபடும். பத்தி எங்கே உடைகிறது, பேச்சு எத்தனை வரிக்குப் பிறகு வருகிறது என்று கை கணக்கு வைத்துக்கொள்ளும்.

நேரம் இல்லை என்று எழுதவில்லை நீங்கள், ஆனால் ஒன்றரை ஷிப்டு முடித்து வருகிறவருக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரவு எழுத முடியாது, கண் எரியும். விடிகாலையில் அரை மணி, ஒரு பக்கம். அது போதும். வேலை நேரத்தில் காதைத் திறந்து வையுங்கள், மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

என் காளையை விட்டுவிட்டு உங்கள் மேஜைக்கு வாருங்கள். செக்கிங் மேஜை, மேலே டியூப் லைட், தரையெல்லாம் பிசிறு, ராத்திரி எட்டு மணி. ஒரு பீஸில் தோள்பட்டைத் தையல் விட்டிருக்கிறது. துணிக்கட்டின் மேல் இருக்கிற எண்ணைப் பார்த்தால் யார் தைத்தது என்று தெரிந்துவிடும். தைத்தது, செக்கிங் பார்க்கிறவளோடு ஒரே அறையில் தங்கியிருப்பவள், இந்த வாரம் இரண்டாவது முறை. லைன் சூப்பர்வைசர் மூன்று மேஜை தள்ளி வந்துகொண்டிருக்கிறார். நல்ல பீஸ் ஒரு பக்கம், திருத்த வேண்டிய ஆல்டர் பீஸ் ஒரு பக்கம்.

செக்கிங் பார்க்கிறவள் கை எந்தப் பக்கம் போயிற்று என்று நாளைக் காலையில் ஒரு பக்கம் எழுதுங்கள். அவள் என்ன நினைத்தாள் என்று எழுத வேண்டாம். அப்புறம் அதையே அன்றைக்கு ராத்திரி அறையில் இருவரும் சோறு போட்டுக்கொண்டு பேசுகிற காட்சியாக எழுதுங்கள், தையலைப் பற்றி ஒரு வார்த்தை வராமல். அதற்குப் பிறகு ஐந்து வரிக் கவிதை. மூன்றையும் எனக்கு அனுப்புங்கள், படித்து நிற்கிற இடத்தில் பென்சில் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன்.